சுவருக்கு வெளியே ஒரு டிரம்

போர்வையின் இரண்டு முனைகளையும் நீராவி உருளைக்குள் ஊட்டும்போது விரலைச் சரியான நேரத்தில் எடுத்துவிட வேண்டும். எடுக்கத் தவறியவர்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள்; புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அவர்களுடைய கைகள்தான் முதல் பாடம். டமாரத்துக்கு அந்தப் பயம் எப்போதோ விட்டுப் போயிருந்தது. உருளை சுற்றும் தாளத்துக்கு ஏற்ப அவன் கை தானாகப் போகும், தானாகத் திரும்பும். பல வருடங்களாக டிரம் அடித்த கை.

டமாரம் என்பது அவனுடைய பெயர் அல்ல. ஊருக்கு ஒரு கால்பந்து கிளப், அந்தக் கிளப்புக்கு ஒரு மைதானம், மைதானத்தில் கோலுக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு வரிசை. அங்கே நின்று பெரிய டிரம்மை அடிப்பவன் அவன். சம்பளப் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லி விசாரித்தால் சலவைக்கூட மேஸ்திரியே முழிப்பார்.

மருந்து கவுண்டரில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் கம்பவுண்டர் வாசலில் வந்து நின்று கையை ஆட்டினான். இயந்திரச் சத்தத்தில் அவன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. டமாரம் போர்வையை அடுத்தவனிடம் தள்ளிவிட்டு வெளியே வந்தான்.

“முடிஞ்சுதுடா. பூட்டிட்டானுங்க.”

“எதை?”

“மைதானத்தைத்தான். கடைசி மேட்சுக்கு ஒரு ஈ காக்கா உள்ள போகக் கூடாதாம். ஆடுறவன், ரெஃப்ரி, கேமராக்காரன். அவ்வளவுதான்.”

“ஒரு செருப்புக்கா?”

“ஒத்தைச் செருப்புக்கு. ஜோடியா எறிஞ்சிருந்தா கிளப்பையே கலைச்சிருப்பானுங்க போல.”

எறிந்தது கம்பவுண்டர்தான். போன ஆட்டத்தில், இல்லாத ஆஃப்சைடுக்குக் கொடி தூக்கிய லைன்ஸ்மேனின் காதோரமாக அந்தச் செருப்பு போனது. கம்பவுண்டர் அன்று மற்றச் செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வீடு போய்ச் சேர்ந்தான். கால்பந்துச் சங்கத்தார் அந்தச் செருப்பை மேசைமேல் வைத்துப் படம் பிடித்துப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். படத்தில் செருப்பு புதிதுபோல இருந்தது என்று கம்பவுண்டருக்கு உள்ளூர ஒரு பெருமை.

டமாரம் திரும்பி உள்ளே போனான். கடைசி ஆட்டத்தில் தோற்றால் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். சமன் செய்தால் போதும், தப்பிக்கும். அந்தக் கவலை ஊருக்கே பொது. அவனுக்கு மட்டும் இன்னொரு கவலை இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது.

கிளப்பின் கோல் கீப்பர் டமாரத்தின் தங்கை புருஷன். இரண்டு சீசனுக்கு முன்னால் பயிற்சியின்போது கிட்டத்திலிருந்து அடித்த பந்து அவனுடைய இடது கண்ணில் விழுந்தது. வீக்கம் வடிந்தது, பார்வை திரும்பவில்லை. வெளிச்சம், நிழல், அதற்கு மேல் அந்தக் கண்ணில் எதுவும் தேறாது. ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் பந்தைத் தொடவே வேண்டாம் என்று சொன்னார். கிளப்புக்கு அதைச் சொல்லவில்லை. பந்து பிடிப்பதைத் தவிரக் கீப்பருக்கு வேறு தொழில் தெரியாது. அன்றைக்கு அவனை டாக்டரிடம் கூட்டிப்போனது டமாரம் ஒருவன்தான். ஆகவே டமாரம் அறிந்தவரை விஷயம் அவர்கள் இரண்டு பேரோடு நின்றது.

வலப்பக்கத்துப் பந்து கீப்பருக்குப் பிரச்சினை இல்லை. இடது ஓரத்திலிருந்து தூக்கி அடிக்கும் பந்துதான் எமன். மூக்குக்கு நேரே வந்த பிறகே அவனுக்குத் தெரியும். தலையை அந்தப் பக்கம் திருப்பியே வைத்திருந்தால் இந்தப் பக்கம் கோட்டை விடுவான். யோசனை சொன்னது டமாரம்தான். ஆட்டம் முழுக்க டிரம்மின் தோலில் அடிப்பான். இடப்பக்கம் ஆபத்து வந்தால் குச்சியால் டிரம்மின் மரவிளிம்பில் ஒரு தட்டு: டக். கோல் கோட்டைத் தாண்டி வெளியே ஓடிவா என்றால் இரண்டு தட்டு. ஆயிரம் தொண்டை கத்தினாலும் அந்த மரச்சத்தம் ஊசிபோல ஊடுருவிப் போகும். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது டிரம்மையும் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி மறு கோலுக்குப் பின்னால் போவார்கள். ரசிகர்கள் அதை ஒரு சம்பிரதாயம் என்றே நினைத்தார்கள். ‘கீப்பரைப் பிரியாத டிரம்’ என்று ஒரு பத்திரிகைகூட எழுதியது. எழுதியவனுக்கு அது எவ்வளவு உண்மை என்று தெரியாது.

இரண்டு சீசன் இப்படியே ஓடியது. இப்போது ஆள் இல்லாத ஆட்டம். ஆள் இல்லை என்றால் டிரம் இல்லை.

அன்று மாலை டமாரம் தங்கை வீட்டுக்குப் போனான். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, கூடத்தின் மூலையிலேயே சமையல். தங்கை அடுப்பையும் டிவி சீரியலையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாண்ணே. சாப்பாட்டு வாசனை உன் மூக்குக்கு மட்டும் எப்படித்தான் எட்டுதோ.”

“உன் சமையலுக்கு வாசனை வேற இருக்கா?”

“இருக்கிற வாய்க்கு ஆஸ்பத்திரிச் சோறுதான் லாயக்கு உனக்கு. உக்காரு.”

பக்கத்து வீட்டில் யாரோ ஐயையோ என்று அலறினார்கள். தங்கை தலையில் கை வைத்தாள்.

“போச்சு. யாரோ செத்துட்டாங்க.”

“யாரு?”

“சீரியல்ல. அவங்க வீட்டு டிவில முன்னாடியே வந்துடும். நமக்குக் கொஞ்சம் பின்னாடி. அவங்க அழுது முடிச்சு மூக்கைச் சிந்தறப்போதான் நான் அழ ஆரம்பிக்கணும். மனுஷன் நிம்மதியா அழக்கூட முடியல.”

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் இங்கே திரையில் கதாநாயகியின் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். டமாரம் சிரித்தான். சிரித்ததோடு அதை மறந்தும் போனான்.

கீப்பர் படுக்கையறையிலிருந்து வந்து உட்கார்ந்தான். தங்கை தட்டை வைத்தாள். தண்ணீர் தம்ளரை அவனுடைய வலக்கைப் பக்கம் வைத்து, கொஞ்சம் முன்னால் தள்ளிவிட்டாள். அண்ணனுக்குத் தம்ளரை எங்கே வைத்தாள் என்று அவளே பார்க்கவில்லை. அது ஏறக்குறைய டமாரத்தின் மடியில் இருந்தது. சாப்பிடும்போது யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

கை கழுவிவிட்டு ஆண்கள் இருவரும் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்கள்.

“இடுப்பு புடிச்சிருச்சுன்னு சொல்லிடலாம்னு பாக்கறேன், மச்சான்.”

“சொல்லிட்டு?”

“ரெண்டாவது கீப்பர் நிப்பான்.”

“அவன் நிப்பான். பந்து நிக்காது.”

“என்கிட்ட மட்டும் நிக்குமா? பாதி கிரவுண்டு எனக்கு இருட்டு.”

“அந்தப் பாதியைத்தான் நான் பாத்துக்கறேனே.”

“எங்கேர்ந்து பாப்பீங்க? காம்பவுண்டு சுவர்ல ஓட்டை போட்டா?”

டமாரம் சுவரைப் பற்றி இன்னும் யோசித்திருக்கவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

“இடுப்புன்னு சொன்னா கிளப்பு டாக்டர் வருவான். இடுப்பைப் பாக்க வந்தவன் டார்ச்சை எடுத்துக் கண்ணுல அடிச்சான்னா? அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கற நேரம் இது. கதை கந்தலாயிடும். நீ நில்லு. நான் சுவருக்கு வெளிய இருப்பேன்.”

“வெளியேர்ந்து என்னத்தைத் தெரியும்?”

“தெரியற மாதிரி பண்றேன்.”

கீப்பர் படியில் கிடந்த ஒரு சின்னக் கல்லை எடுத்துக் கீழே போட்டான். அப்புறம், “நீங்க சொன்னா சரிதான் மச்சான்” என்றான். அந்தக் குரலில் நிம்மதி இல்லை. டமாரம் அதைக் கவனிக்கவில்லை. அல்லது கவனிக்க விரும்பவில்லை. கீப்பர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டால், அந்த டிரம் வெறும் டிரம்மாகிவிடும். இந்த எண்ணம் டமாரத்தின் தலைக்குள் வந்து எட்டிப் பார்த்தது. அவன் கதவைச் சாத்தினான்.

மறுநாள் வேலை முடிந்ததும் மைதானத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் கூடினார்கள். டமாரம், கம்பவுண்டர், டெய்லரக்கா. டெய்லரக்காவுக்குப் பெண்கள் உடை தைக்கும் கடை; கிளப்பின் பேனர் எல்லாம் அவள் கைவண்ணம். கோலுக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தில் அவள் வாய்க்குப் பயந்தே எதிரணி கார்னர் கிக் எடுப்பவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

“ராத்திரி பகலா தைச்சு வச்சிருக்கேன், நாப்பது அடி பேனர்” என்றாள் அவள். “அதை இப்போ யாரு பாப்பா? உன் கல்யாணத்துக்குப் பந்தல் போடவா?”

“எனக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிடுச்சுக்கா” என்றான் கம்பவுண்டர்.

“ஒத்தைச் செருப்போட வீட்டுக்கு வந்தவனை இன்னும் வச்சிருக்காளா அவ? புண்ணியவதி.”

“என்னை விட்டுட்டு வேலையைப் பாருங்கக்கா. எறிஞ்சது எறிஞ்சாச்சு.”

“எறியறதுதான் எறிஞ்சே, அவன் மேல பட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.”

டமாரம் குறுக்கே வந்தான். “உள்ள வரக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்கான்? வெளிய டிரம் அடிக்கக் கூடாதுன்னு சொல்லலையே.”

இருவரும் அவனைப் பார்த்தார்கள். டெய்லரக்காவின் முகம் மெல்ல மலர்ந்தது.

“வடக்கு கோலுக்குப் பின்னாடி சந்து இருக்கு. டயர் குடோன் சந்து. தெக்கு கோலுக்குப் பின்னாடி லாரி ஷெட். முதல் பாதி சந்துல, இடைவேளையில தூக்கிட்டு ஓடி ஷெட்டுக்குப் போயிடலாம். சுவர் ஒசரம்தான். சத்தத்துக்குச் சுவர் ஏது?”

“சரி, ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம செவுத்தைப் பாத்து அடிச்சா பைத்தியம்னு நெனைப்பான்” என்றாள் டெய்லரக்கா.

“போன்ல காட்டறாங்கக்கா” என்றான் கம்பவுண்டர். “கிளப்பே காட்டுது. ஆளுங்களை விடலைன்னதும் நேரலை போடறாங்க, முதல் தடவையா.”

“உள்ள நடக்கறது அப்பவே வந்துடுமா?” என்று கேட்டான் டமாரம். அவனுக்கு அது முக்கியம். மற்றவர்களுக்கு ஏன் முக்கியம் என்று தெரியாது.

“நேரலைன்னா அப்பவே வர்றதுதானேடா. பேரிலேயே இருக்கு. பின்ன என்ன, நேத்து நடந்ததையா நேரலைன்னு போடுவான்?”

மூன்று பேரும் தலையாட்டினார்கள். கிளப் சொந்த மைதானத்தில் ஆடிய ஒரு ஆட்டத்தையும் அவர்கள் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறார்கள், சாவு வீட்டிலிருந்து நேரே வந்திருக்கிறார்கள். ஆகவே தங்கள் அணி ஆடுவதைத் திரையில் பார்த்தவர்கள் அந்த மூவரில் யாரும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் எந்தச் சோம்பேறிக்கும் தெரிந்த ஒன்று, மழையில் நின்று ஆட்டம் பார்த்த இவர்களுக்குத் தெரியவில்லை.

அந்தச் சந்துக்குப் போய்ப் பார்த்தார்கள். சுவர் ஓரம் பழைய டயர்கள் அடுக்கியிருந்தன. ஒன்றின் மேல் டிரம்மைச் சாய்த்து வைக்க வாகாக இருந்தது. டமாரம் சுவரில் கன்னத்தை வைத்து நின்று, மறுபக்கம் கோல் கம்பம் எங்கே வரும் என்று கணக்குப் போட்டான். டெய்லரக்கா பேனரைச் சந்தின் குறுக்கே கட்ட இடம் தேடினாள்.

“யாருக்குத் தெரியும்படி கட்டறீங்க?” என்று கேட்டான் கம்பவுண்டர்.

“காக்காய்க்கு. நீ ஆணியைப் பிடி.”

கீப்பருக்கு டமாரம் போனில் சொன்னான்: “எல்லாம் ஏற்பாடு ஆச்சு மாப்ள. வழக்கம்போல. ஒண்ணுன்னா இடம், ரெண்டுன்னா வெளிய வா.” மறுமுனையில் உம் என்ற சத்தம் வந்தது. அதன் பிறகு ஆட்ட நாள் வரை டமாரத்துக்குச் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. உருளைக்கு முன்னால் நின்று, விளிம்புத் தட்டுகளை மனசுக்குள் தட்டிக்கொண்டிருந்தான். ஒருமுறை விரல் நுனியில் சூடு பட்டது. மேஸ்திரி, “மேட்ச் முடியற வரைக்கும் உன்னை மடிக்கற மேசையிலதான் போடணும் போல” என்றார்.

ஆட்ட நாள் மதியமே சந்துக்கு வந்துவிட்டார்கள். வழக்கமாக இந்த நேரத்தில் மைதானத்தைச் சுற்றி நடக்க இடம் இருக்காது. இன்று டயர் குடோன் காவலாளி நாற்காலி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். விஷயம் கேள்விப்பட்டு இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். கம்பவுண்டர் போனை டமாரத்தின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். திரையில் காலிப் படிக்கட்டுகள். வழக்கமாகத் தாங்கள் நிற்கும் இடம் எப்படி இருக்கும் என்று அவர்கள் இதுவரை பார்த்ததே இல்லை. அங்கிருந்து பார்த்ததுதான் பழக்கம். காரை பெயர்ந்து கிடந்தது.

“இவ்வளவு அசிங்கமாவா இருக்கு?” என்றாள் டெய்லரக்கா.

திரையில் அணிகள் வந்து நின்றன. கீப்பர் வடக்கு கோலுக்கு வந்தான். திரும்பிச் சுவரைப் பார்த்தான். டமாரம் தோலில் ஓங்கி அடித்தான். உள்ளே வெற்று மைதானத்தில் அது இடிபோல உருண்டிருக்க வேண்டும். சந்தில் இருந்தவர்கள் கத்தினார்கள். காவலாளி விழித்து, “யோவ்!” என்றார், டெய்லரக்கா அவர் கையில் ஒரு கொடியைக் கொடுத்தாள். அவர் மறுபடி உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடங்கியது. டமாரத்தின் கண் திரையைவிட்டு நகரவில்லை. டிரம்மும் கத்தலும் சேர்ந்து சந்தே அதிர்ந்தது. வேறு எதுவும் காதில் விழவில்லை. சிறிது நேரத்தில் திரையில் எதிரணி ஆட்டக்காரன் ஒருவன் கீப்பருக்கு இடது ஓரத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான். டமாரம் விளிம்பில் தட்டினான். டக். எதிரணிக்காரன் பந்தைத் தூக்கினான். டக், டக். வெளிய வா மாப்ள.

திரையில் கீப்பர் அசையவே இல்லை. பந்தைத் தடுப்பாட்டக்காரன் தலையால் முட்டி வெளியே தள்ளினான். நல்லவேளை என்று டமாரம் மூச்சு விட்டான். ஏன் வரவில்லை, கேட்கவில்லையா? அதற்குள் பந்து வலப்பக்கம் போய்விட்டது. வலப்பக்கம் என்றால் கவலை இல்லை. எதிரணிக்காரன் ஒருவன் பந்தை நிறுத்திக் குறி பார்த்தான். அப்போதுதான் திரையில் கீப்பர் திடீரென்று இடப்பக்கம் தலையைத் திருப்பி, கோல் கோட்டைத் தாண்டி இடப்புறமாகப் பாய்ந்து ஓடினான். அங்கே பந்தும் இல்லை, ஆளும் இல்லை. வலப்பக்கத்திலிருந்து அடித்த பந்து காலிக் கோலுக்குள் உருண்டு போனது. சின்னப் பிள்ளையும் தடுத்திருக்கும்.

“என்னடா இவன்? யாரைத் தேடி ஓடினான்?” என்றாள் டெய்லரக்கா.

டமாரத்தின் கை அந்தரத்தில் நின்றது. சந்து வாயடைத்துப் போயிருந்தது. அந்த அமைதியில் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு விசில் கேட்டது. திரையில் ஆட்டக்காரர்கள் இன்னும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு நடந்தார்கள். ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் பற்றவைக்கும் நேரம் கழித்து, திரையில் ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தார்.

அன்று தங்கையின் பக்கத்து வீட்டில் ஐயையோ என்று அலறியது அவன் காதில் இப்போதுதான் விழுந்தது. மாமனார் இங்கே சாகும்முன் அங்கே செத்துவிட்டார்.

அவன் தட்டியது இப்போது நடந்ததற்கு அல்ல, ஏற்கனவே நடந்து முடிந்ததற்கு. உள்ளே இருந்தவன் அதை நம்பி ஓடினான். பல வருடமாக உள்ளே நின்று கத்தியவன், வெளியே நின்று தன் கையாலேயே கோல் போட்டுக் கொடுத்துவிட்டான்.

கம்பவுண்டர் அவன் தோளைத் தட்டினான். “அடிடா. இப்பதான் அடிக்கணும். அவனுக்கு ஒரு தெம்பு வர வேணாமா?”

“வேணாம்.”

“என்ன வேணாம்?”

“அடிக்க வேணாம். யாரும் கத்தவும் வேணாம்.”

“உனக்குக் கிறுக்கு புடிச்சிருச்சாடா?” என்றாள் டெய்லரக்கா. “இதுக்கா நாப்பது அடி பேனரைக் காக்காய்க்குக் கட்டினேன்?”

“அக்கா, சொன்னா கேளுங்க. கொஞ்சம் சும்மா இருங்க. உள்ள என்ன கேக்குதுன்னு பாருங்க.”

அவன் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். சும்மா இருந்தார்கள்.

முதலில் எதுவும் பிடிபடவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பந்தை உதைக்கும் சத்தம், ஒவ்வொரு கால் உதைக்கும் ஒவ்வொரு மாதிரி. புல்லில் பூட்ஸ் அரைபடும் சத்தம். “விடு, எனக்கு!” என்று ஒருவன். “பின்னாடி ஆள்!” என்று இன்னொருவன். கோச்சின் வசவு, ஒரு நிறுத்தம் இல்லாமல். இத்தனை வருடமாக இந்தக் கிளப்பைப் பார்த்தவர்கள் அதைக் கேட்பது இதுவே முதல் தடவை. எல்லாவற்றுக்கும் மேலே கிட்டத்தில், சுவருக்கு நேர் பின்னால் கீப்பரின் குரல். “வரேன்! என்னோடது!” பந்து கையுறையில் அறையும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் பார்த்தார்கள்: இடது ஓரத்திலிருந்து வந்த பந்து. அவன் பந்து வரும் திசைக்குக் கண்ணைக் கொடுக்கவில்லை; காதைக் கொடுத்திருந்தான். முகம் சற்றே சாய்ந்திருந்தது.

“இவன் இப்படிக் கத்துவானா?” என்று கம்பவுண்டர் குசுகுசுத்தான். “ஊமையன்னுல்ல நெனைச்சேன்.”

டமாரம் டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

இடைவேளையில் வழக்கப்படி டிரம்மைத் தூக்கிக்கொண்டு லாரி ஷெட்டுக்குப் போனார்கள். ஏன் தூக்குகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. அங்கேயும் அது அடிக்கப்படாமல் கிடந்தது. இரண்டாவது பாதியில் தூரத்தில், வடக்குப் பக்கம், திடீரென்று ஒரு கூச்சல். தங்கள் ஆட்களின் குரல். டெய்லரக்கா வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். திரையில் அப்போதுதான் பந்தை நடுவில் கடத்திக்கொண்டிருந்தார்கள். இனி வரப்போகும் கோலைப் பார்க்கக் காத்திருந்தார்கள், கோயிலில் திரை விலகக் காத்திருப்பதுபோல. வந்தது. மறுபடி குதித்தாள்.

“ஒரே கோலுக்கு ரெண்டு சந்தோஷம். வீட்டுல உக்காந்து பாக்கறவன் கொடுத்து வச்சவன்டா.”

சமன். இப்படியே முடிந்தால் போதும். கடைசிக் கட்டத்தில் எதிரணி விடாமல் நெருக்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் காலடிகள் குவிந்தன. “இடது! இடது விட்டுட்டீங்க!” என்று யாரோ கத்தினான். யார் அணி என்று தெரியவில்லை. டமாரத்தின் வலக்கை தானாக எழுந்து விளிம்பின் மேல் நின்றது. திரையைப் பார்த்து அல்ல, காதில் கேட்டதற்குத் தட்டலாம். இது நேரத்துக்குப் போகும். ஒரு தட்டு.

அவன் குச்சியைக் கீழே போட்டுவிட்டான். அது காங்கிரீட் தரையில் உருண்டு லாரிக்கு அடியில் போனது.

உள்ளே ஒரு உதை. ஏதோ ஒன்றின் மேல் பந்து பட்ட சத்தம். கம்பமா, கையா, வலைக் கம்பியா? அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். உள்ளே முடிந்துவிட்டது, இவர்களுக்கு இனிமேல்தான் நடக்க வேண்டும். டமாரம் பார்க்கவில்லை. டெய்லரக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் உதட்டைக் கடித்திருந்தாள். கண் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போனது. பிறகு உதடு விட்டது.

“புடிச்சிட்டான்” என்றாள். கத்தவில்லை. “ரெண்டு கையால. பூனைக்குட்டியைப் புடிக்கற மாதிரி.”

ஆட்டம் முடிந்து வெகுநேரம் கழித்துக் கீப்பர் பக்கவாசல் வழியாக வந்தான். மற்றவர்கள் அதற்குள் பேனரோடு ஊர்வலம் கிளம்பியிருந்தார்கள். டமாரம் மட்டும் லாரி ஷெட்டில் டிரம்மோடு நின்றான்.

“முதல் கோல் என்னோடது, மாப்ள. போன்ல பின்னாடி வருது. எனக்குத் தெரியல.”

“தெரிஞ்சுது, மச்சான். நீங்க நிறுத்தினப்ப தெரிஞ்சுது.” கீப்பர் பையைத் தோள் மாற்றினான். “நிறுத்தின பிறகு எல்லாம் கேட்டுது. எவன் எங்கேர்ந்து வரான், எந்தக் கால்ல அடிக்கறான், எல்லாம். எப்பவும் அந்தக் கத்தல்ல எதுவும் கேக்காது. உங்க மரத்தட்டு மட்டும்தான் கேக்கும்.”

அந்தக் கத்தலைக் கிளப்பிவிடுவது யார் என்று அவன் சொல்லவில்லை. டமாரத்துக்கும் அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

“அடுத்த சீசன்ல கேட்டைத் திறந்துடுவாங்க” என்றான் டமாரம்.

“ஆமா. அதனாலதான் நான் நிக்கப் போறதில்ல. கோச்சுகிட்ட இப்பதான் சொல்லிட்டு வரேன், கண்ணு விஷயத்தை. முதல்ல கெட்ட வார்த்தையில திட்டினாரு. அப்புறம் சின்னப் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கறியான்னு கேட்டாரு. நிச்சயமில்ல. பாக்கலாம்.”

“தங்கச்சிகிட்ட என்ன சொல்லுவே?”

“அவளுக்கு முதல்லேர்ந்தே தெரியும். தம்ளரை எந்தப் பக்கம் வைக்கறான்னு பாத்ததில்லையா நீங்க?”

டமாரம் பார்த்திருந்தான். பார்த்து என்ன பயன்?

“போன சீசனே விட்டுடறேன்னு அவகிட்ட சொன்னேன். இன்னும் ஒரு வருஷம் இழுங்கன்னா. உங்களுக்கு என்ன, எங்கண்ணனுக்கு வேற என்ன இருக்குன்னா.”

கீப்பருக்கு எதையும் பூசி மெழுகிச் சொல்லத் தெரியாது. டமாரம் லாரிப் பக்கம் போனான். பிறகு குனிந்து, லாரிக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, அந்த ஒற்றைக் குச்சியை எடுத்தான். ஆயில் பிசுபிசுத்தது. சட்டையில் துடைத்தான், நாளைக்கு இந்தக் கறை சலவைச் சோடாவில் ஊறினாலும் போகாது என்று தோன்றியது.

“ஒரு பக்கம் பிடி” என்றான்.

கீப்பர் டிரம்மின் ஒரு வாரைப் பிடித்தான். டமாரம் பழக்கத்தில் அவனுடைய இடப்பக்கம் போய் நின்று மறு வாரைப் பிடித்தான். தெருவில் சைக்கிள் ஒன்று மணி அடித்துக்கொண்டு இடப்பக்கமாக வந்தது. டமாரம் சொல்ல வாய் திறப்பதற்குள் கீப்பர் ஒதுங்கி நின்றான்.

“கேட்டுது, மச்சான்” என்றான்.